நானா கராஜில் கழற்றிய சில்லுகள்

நானாவின் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து லேயார்ட்ஸ் பிராட்வே பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே தகரம் இறக்கிக் கட்டிய இடம் அது. மூன்று மோட்டார் சைக்கிள்களுக்கு மேல் உள்ளே நிற்காது, மிச்சமெல்லாம் ஒழுங்கையில்தான். எங்கள் தோட்டத்து வீடுகளிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் காலையில் தேநீரைக் குடித்துவிட்டு நான் அங்கே போய்விடுவேன். அம்மா தேடவும் மாட்டார். மத்தியானம் சோற்றுக்கு வரும்போது, வாசலிலேயே சவர்க்காரத்தோடு நின்று, "முழங்கை வரைக்கும் கழுவிட்டு உள்ள வா" என்பார்.

தமிழர், முஸ்லிம்கள், மலாய்க்காரர் எல்லோருக்கும் அவர் நானா. சிங்களவர்கள் மட்டும் பாஸ் என்பார்கள். விடியற்காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் பத்திரிகை விநியோகிக்கும் ஆட்கள். வீரகேசரிக் கட்டடம் கிராண்ட்பாஸ் வீதி 185ஆம் இலக்கத்தில் இருந்தது. பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிகளின் பின்சில்லு மற்ற வண்டிகளை விடச் சீக்கிரம் களைத்துவிடும் என்று நானா அடிக்கடி சொல்வார்.

வண்டி கொண்டுவருகிறவர் எஞ்சின் சத்தம், கிளட்ச், கார்பரேட்டர் என்று குறைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். நானா கேட்டபடியே வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி, முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு சில்லைக் கையால் சுழற்றிவிட்டு, ஃபோர்க்கின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார். நல்ல பெயாரிங் என்றால் சில்லு சத்தமில்லாமல் நெடுநேரம் ஓடும். பாரமான பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் அசைந்து மெல்ல ஓயும். கெட்டுப்போனதென்றால் உள்ளங்கையில் ஒரு நறநறப்புத் தட்டும். காதுக்கு எட்டும் முன்பே அது கைக்கு எட்டிவிடும்.

எங்கள் அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வசூல் வேலை. ஒருநாள் நீர்கொழும்பு, மறுநாள் அவிசாவளை என்று பில் புத்தகத்தோடு அலைவார். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிலிருந்து வந்து குவிந்த வண்டிகளில் ஒன்றான ஹொண்டா சிடி 125 எங்களிடம் இருந்தது. ஒருமுறை பிரேக் ஷூ மாற்ற விட்ட வண்டியின் இரண்டு சில்லுகளும் நிலத்தில் கிடந்ததைக் கண்டு அப்பா கேட்டார்:

"நானா, சில்லுல சத்தம் ஒண்ணும் இல்லையே. எதுக்குப் பெயாரிங்கையும் கழட்டுறீங்க?"

"சத்தம் வந்தா கழட்டி கிறீஸ் போட்டு வேலயில்ல தம்பி. மாத்தத்தான் வேணும். சத்தம் வர முந்தித்தான் கிறீஸ்."

அவருக்கு இது சட்டம். டயர் மாற்றினாலும் பிரேக் ஷூ மாற்றினாலும், சில்லு எப்படியும் கழன்றுதான் ஆகவேண்டும்; கழன்ற சில்லின் பெயாரிங்கைப் பார்க்காமல் திரும்பப் பூட்டக்கூடாது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் ஒருதரம் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்டு நான் கண்டதில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலை அது. செய்யாமல் விட்டாலும் பல மாதங்களுக்கு யாருக்கும் தெரியாது. அதனால்தான் பல கராஜ்களில் செய்வதில்லை. நானா செய்தார். அவரிடம் எனக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

என்னை முதலில் மோட்டார் சைக்கிளில் கைவைக்க விடவில்லை. பாண்காரரின் துவிச்சக்கரவண்டிதான் பாலபாடம். அதில் பெயாரிங் கூடாக இருக்காது, தனித்தனிக் குண்டுகள். முன்சில்லில் பக்கத்துக்குப் பத்து, பின்சில்லில் பக்கத்துக்கு ஒன்பது. பின்சில்லுக் குண்டு கால் அங்குலம். முன்னது அதைவிடச் சின்னது. கிண்ணத்தில் கிறீஸைத் தடவி, அதில் ஒவ்வொரு குண்டாக ஒட்டவைத்து, அச்சை நேராக இறக்க வேண்டும். கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கும். ஒரு குண்டு குறைந்தாலும் வேலை நிற்கும். கிடைக்கும் வரை எல்லோரும் குனிந்து தேடுவோம். தேய்ந்த குண்டுகளோடு ஒரு புதுக் குண்டைக் கலந்து போட நானா சம்மதிக்க மாட்டார். புதிது மயிரிழை பெரிதாக இருக்கும், பாரம் முழுவதும் அதன் தலையிலேயே விழும், பிறகு கிண்ணம் குழிவிழுந்துவிடும். போட்டால் பத்தும் புதிது.

பிறகுதான் மோட்டார் சைக்கிள் சில்லு. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, பிரேக் கேபிளையும் மீட்டர் கேபிளையும் விடுவித்து, நட்டைக் கழற்றி அச்சை உருவுவார். சில்லு கையில் வந்ததும் பிரேக் தட்டை எடுத்து வேறாக ஒரு காகிதத்தில் வைப்பார். கிறீஸ் வேலை முடிந்து கை கழுவும் வரை அதை யாரும் தொடக்கூடாது. பிரேக் ஷூவில் ஒரு விரல் கிறீஸ் பட்டால், மழைநாளில் களனிப் பாலத்து இறக்கத்தில் வண்டி நிற்காது. வெளிச் சீலை நெம்பி எடுத்ததும் என்னைக் கூப்பிடுவார்.

"மகன், விரலப் போட்டு மெல்லச் சுத்திப் பாருங்க. மணல் ஈக்குதா?"

சுண்டுவிரலை உள்வளையத்தில் நுழைத்துச் சுற்றுவேன். வழுக்கிக்கொண்டு போனால் கழுவிக் கிறீஸ் போட்டால் போதும். எங்காவது ஓரிடத்தில் தட்டித் தட்டிப் போனால் ஓடுபாதையில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம்; அதற்கு எவ்வளவு கிறீஸ் வைத்தாலும் பயனில்லை. இந்த வித்தியாசத்தை விரலுக்குப் பழக்கத்தான் நாள் பிடித்தது. நானா அவசரப்படுத்தவில்லை. நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றச் சொல்வார்.

அந்தக் காலத்துப் பெயாரிங்குகள் பல இரு பக்கமும் திறந்தவை, அல்லது ஒரு பக்கம் மட்டும் தகடு மூடியவை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊறப்போட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, கடைசியில் கொஞ்சம் பெற்றோலில் அலசுவோம். துடைக்க நூல் உதிராத பழைய சாரத்துணி. காற்றுக் குழாயை வைத்துப் பெயாரிங்கைச் சுழல விட்டு விளையாடக் கூடாது என்பது கராஜின் கடும் கட்டளைகளில் ஒன்று. எண்ணெய்ப் பசை இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் குண்டுகளும் பாதையும் கீறிக்கொள்ளும். கூடு உடைந்தால் குண்டு தெறித்துக் கண்ணுக்குக்கூட வரும்.

கிறீஸ் வைப்பதை மட்டும் நானா நெடுங்காலம் தன் கையாலேயே செய்தார். இடது உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸ். வலது கையில் பெயாரிங். அதன் விளிம்பைக் கிறீஸுக்குள் குத்திக் குத்தி இழுப்பார். கிறீஸ் குண்டுகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வந்தால்தான் அந்த இடம் நிறைந்தது என்று பொருள். கொஞ்சம் திருப்பி, மறுபடி குத்துவார். மேலே ஒரு விரல் தடவிவிட்டு முடிப்பது கிறீஸ் போட்டதாகாது. அது மேலேயே இருந்து புழுதியைப் பிடிக்கும், உள்ளே குண்டு காய்ந்து ஓடும். ஹப்புக்குள் வெற்றிடத்தை கிறீஸால் அடைப்பதும் அவருக்குப் பிடிக்காது. அளவு மிஞ்சினால் குண்டுகள் அதைக் கடைந்து கடைந்து சூடாக்கும். சூட்டில் இளகி, சீலைத் தாண்டி, கடைசியில் பிரேக்குக்குத்தான் போய்ச் சேரும்.

கிறீஸ் டப்பாவைப் பற்றி அம்மம்மா ஒருநாள் கேட்டது நினைவிருக்கிறது. என் சட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் கிறீஸை விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஆமணக்கெண்ணெய் இருக்கா?" என்றார். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே மாட்டுவண்டி ஓட்டியவர். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போடும் வண்டி மையை அம்மம்மாவும் சின்ன வயதில் பிசைந்து கொடுத்திருக்கிறார். கிராண்ட்பாஸ் அந்நாளில் கொழும்பின் ஆற்றுத்துறை. களனியில் படகுகளை வரிசையாகக் கட்டி அவற்றின் மேல் பலகை போட்ட படகுப் பாலம் இருந்த இடம். 1895இல் விக்டோரியா பாலம் வந்த பிறகுதான் வண்டிகள் இரும்புப் பாலத்தில் ஏறின. அந்த வண்டிகளின் அச்சுகளெல்லாம் ஆமணக்கெண்ணெயில் ஓடியவை.

அம்மம்மாவின் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. பல வருடங்கள் கழித்து, கிறீஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது அவர் நினைத்ததே சரியாக இருந்தது. கிறீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு சவர்க்காரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புழக்கத்துக்கு வந்த லித்தியம் கிறீஸில் அந்தச் சவர்க்காரத்தைச் செய்யப் பயன்படும் கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்துதான் வருகிறது. முன்பிருந்த சோடியம் கிறீஸ் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சுண்ணாம்புச் சேர்மத்தில் செய்த கல்சியம் கிறீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. லித்தியம் இரண்டையும் தாங்கியது. உலகத்தில் இன்று விற்கும் கிறீஸில் பெரும்பங்கு லித்தியம் வகைதான்.

நானாவின் பக்கத்திலும் இப்படி ஒரு வழி உண்டு. அவருடைய வாப்பா டிராம் டிப்போவில் அச்சுகளுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்தவர். 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றுபோன கொழும்பு டிராம்களின் ஒரு தடம் கிராண்ட்பாஸ் வரை வந்தது. டிராம் நின்றபோது நானா வாலிபர். வாப்பாவின் எண்ணெய்க் கேன், நீண்ட மூக்கோடு, கராஜின் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துப் பயன்படுத்துவார், காட்சிக்கு வைக்கவில்லை.

சாமான் வாங்க வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தை. மருதானைப் பக்கம் அந்த வீதி முழுவதும் வாகன உதிரிப்பாகக் கடைகள். நானாவின் பின்னால் உட்கார்ந்து ஆமர் வீதி வழியாகப் போவது எனக்குத் திருவிழா. பெயாரிங்கின் இலக்கத்தை வாசிக்கக் கற்றதும் அந்தக் கடைகளில்தான். 6301, 6302 என்று ஓரத்தில் பொறித்திருக்கும்; சிறிய வண்டிகளின் சில்லுகளில் பெரும்பாலும் இவைதாம். கடைசி இரண்டு இலக்கம் உள்துளையின் அளவு. 00 என்றால் 10 மில்லிமீற்றர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04இலிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் இலக்கம் ஒன்றானால் அளவும் ஒன்று. ஜப்பான் பெயாரிங்கைக் கழற்றிய இடத்தில் சுவீடன் பெயாரிங் அப்படியே உட்காரும். பத்து வயதில் எனக்கு இது பெரும் அதிசயம். பள்ளியில் ஐந்தாம் வாய்பாட்டை இவ்வளவு ஆசையோடு நான் சொன்னதில்லை.

புதுப் பெயாரிங்கை ஹப்பில் இறக்கும்போது மாமி கேத்தலில் வெந்நீர் கொண்டுவருவார். நானாவின் மனைவியை நாங்கள் எல்லோரும் மாமி என்போம். ஹப் அலுமினியம், பெயாரிங் உருக்கு. சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெந்நீர் ஊற்றித் துடைத்ததும், வெளிவளையத்தின் அளவுக்கே உள்ள ஒரு பழைய பெயாரிங் வளையத்தை மேலே வைத்துத் தட்டுவார். உள்வளையத்தில் ஒரு அடி விழுந்தாலும் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாதையில் பதியும். புதுப் பெயாரிங் ஓடுவதற்கு முன்பே கெட்டுவிடும். தட்டத் தட்ட வெற்றுச் சத்தம் கேட்கும். அடியில் போய் உட்கார்ந்த கணம் சத்தம் கனத்துவிடும். நானா அந்த அடியோடு சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

வேறொரு கராஜில் பெயாரிங் மாற்றி ஒரு மாதத்திலேயே சில்லு ஊளையிடுகிறது என்று ஒருவர் வந்தார். மட்டக்குளிப் பக்கத்துக்காரர், தபால் வேலை. நானா கழற்றினார். இரண்டு பெயாரிங்குகளும் நீலம் பாய்ந்து கருகியிருந்தன. விளக்கைப் பிடித்து ஹப்புக்குள் பார்த்தவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பெயாரிங்குகளுக்கும் நடுவே இருக்கவேண்டிய குழாய் உள்ளே இல்லை. அந்தக் குழாய்தான் அச்சு நட்டின் இறுக்கத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. அது இல்லையென்றால் நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெரியும். குண்டுகள் பக்கவாட்டில் பிதுங்கி, தேய்ந்து, எரியும். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் சில்லு ஓட்டத்திலேயே இறுகியிருக்கும்.

"யாரு போட்டது?" என்று நானா கேட்கவே இல்லை. அச்சளவுக்குப் பொருந்தும் ஒரு குழாயைப் பழைய சாமான் பெட்டியில் தேடி எடுத்து, பழைய ஹப் ஒன்றின் குழாயோடு நீளத்தை ஒப்பிட்டு, அரத்தால் இழைத்து மட்டம் பார்த்துப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டை அன்று நாலு மணிக்குச் சாப்பிட்டார். அந்தக் குழாய் இல்லாமல் யாரோ ஒருவர் ஒரு மாதம் வீதியில் போய்வந்திருக்கிறார் என்ற நினைப்பு அவரை விடவில்லை. இரவு அப்பாவிடமும் சொல்லி வருந்தினார்.

1983 ஜூலைக் கலவரத்தின்போது எனக்கு ஐந்து வயது. எனக்கு நினைவிருப்பது புகையும், நானா வீட்டின் பின்னறையில் எல்லோரும் பாயில் நெருங்கிப் படுத்ததும்தான். மற்றதை அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவின் வண்டியை நானா கராஜின் மூலையில் தகரத்தாலும் சாக்காலும் மூடி, மேலே பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தாராம். கிழமைகள் கழித்து அப்பா மறுபடி வேலைக்குப் போகத் துணிந்த நாளில் வண்டியைக் கேட்டார். "நாளைக்கு வாங்க தம்பி" என்று நானா அனுப்பிவிட்டார். ஓடாமல் நின்ற வண்டி; நின்ற இடத்தில் மழைநீர் வேறு கசிந்திருந்தது. இரண்டு சில்லுகளையும் கழற்றி, கழுவி, கிறீஸ் வைத்து, மறுநாள் கொடுத்தார். ஊர் எரிந்து தணிந்த அந்த நேரத்திலும் அவர் சில்லைப் பார்க்காமல் கொடுக்கவில்லை. அப்பா சாகும் வரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1989 ஜூன் வெள்ளம் வந்தபோது எனக்கு நன்றாக விவரம் தெரியும். ஊரடங்கும் கடையடைப்புமாக நாடே பயத்தில் கிடந்த வருடம் அது. களனி ஏறியது. எங்கள் பக்கத்தில் நாகலகம் வீதியில் ஆற்றின் அளவுகோல் இருக்கிறது. கொழும்புக்கு வெள்ளம் வருமா வராதா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். 5 அடி வந்தால் சிறு வெள்ளம், 7 அடி வந்தால் பெரு வெள்ளம். அந்த ஜூனில் பெரு வெள்ளக் கோட்டையும் தாண்டியது. வெள்ளத்தடுப்பு அணைக்கு வெளியே இருந்த தாழ்வான இடங்களெல்லாம், சேதவத்தை, வெல்லம்பிட்டி உட்பட, நீரில் நின்றன.

தண்ணீர் வடிந்த மறுநாளிலிருந்து ஒழுங்கை நிறைய வண்டிகள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொடுத்தால் போதும் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். வேலைக்குப் போகவேண்டும், வீட்டில் அரிசி இல்லை. நானா எண்ணெய் மாற்றி எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துச் சொன்னார்: "இந்தக் கிழமைக்குள்ள சில்லக் கழட்டிக்கொண்டு வாங்க. வண்டிய வீட்ல வைங்க, சில்ல மட்டும் கொண்டு வாங்க." வந்தார்கள். பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் தோளிலும் சில்லுகள் வந்தன. ஒழுங்கைச் சுவரோரம் அவற்றைச் சாய்த்து, சோக்கட்டியால் வீட்டு இலக்கம் எழுதுவது என் வேலை.

சீலை நெம்பியதும் உள்ளே கிறீஸ் பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்து கலந்துவிட்டதன் அடையாளம். சிலவற்றில் அதையும் தாண்டிச் செம்மண் சேறு. வெறும் பால்நிறம் என்றால் உடனே கழுவிக் காயவைத்துப் புதுக் கிறீஸ் வைத்தால் பிழைத்தது. இரண்டாம் கிழமை வந்தவற்றில் குண்டுகளில் துருப்புள்ளி விழுந்திருந்தது. அவற்றைக் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. பத்து நாள் வித்தியாசம்தான். அந்தக் கிழமைகளில்தான் கிறீஸ் வைக்கும் வேலையை நானா என் கையில் தந்தார். நான் வைத்து முடித்த ஒவ்வொன்றையும் வாங்கி, மறுபக்கம் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஹப்பில் இறக்கினார். வெள்ளத்தில் வந்தவர்களிடம் கிறீஸ் விலையை மட்டும் வாங்கினார். பெயாரிங் வாங்க முடியாதவர்களுக்கு, சாமான் பெட்டியில் இருந்த நல்ல பழையவற்றைப் போட்டுக் கொடுத்தார்.

நானா இப்போது இல்லை. அந்தத் தகரக் கராஜும் இல்லை. இப்போது வரும் பெயாரிங்குகள் இரு பக்கமும் ரப்பர் சீல் போட்டு, தொழிற்சாலையிலேயே கிறீஸ் அடைத்து வருகின்றன. கிறீஸ் போடத் தேவையே இல்லை என்று கடையில் சொல்கிறார்கள். மழைக்கும் புழுதிக்கும் அது சரி. வெள்ளத்துக்குச் சரியில்லை. ஓடிச் சூடான ஹப் சட்டென்று தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தாலும் அதே கதிதான். 2016 மே மாதத்திலும் களனி இப்படித்தான் வெல்லம்பிட்டியையும் கொலன்னாவையையும் மூழ்கடித்தது, இனியும் வரும்.

உங்கள் வண்டி அச்சு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றிருந்தால், எஞ்சின் கிளம்பிவிட்டது என்று திருப்திப்பட்டு விடாதீர்கள். அந்தக் கிழமைக்குள் இரண்டு சில்லுகளையும் கழற்றச் சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் ரப்பர் சீலின் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். கிறீஸ் நிறம் மாறியிருந்தால் கழுவிப் புதிதாக வைத்து சீலை அமுக்கிவிடுங்கள். சுற்றும்போது விரலில் தட்டினால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். பூட்டும்போது நடுக்குழாய் உள்ளே போனதா என்று நீங்களே ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.